மாறுபட்டும் மரியாதை மறவாத தந்தை செல்வா

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளிலும் பேச்சு சூடாகிவிடும். ஒரே குடும்பத்தில் வாப்பா ஒரு கட்சி, மாமா இன்னொரு கட்சி என்றிருப்பது புதுமையல்ல. கொள்கையில் தொடங்கும் பேச்சு சிறிது நேரத்தில் ஆளைப் பற்றிய ஏச்சாக மாறும். தேர்தல் முடிந்த பிறகும் கோபம் முடிவதில்லை. பெருநாளைக்குக்கூட ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காத குடும்பங்கள் உண்டு. கருத்து வேறுபடுவது மனித இயல்பு. எப்படி வேறுபடுவது என்பதைத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது. அதைக் கற்பதற்கு நமது நாட்டின் அரசியல் வரலாற்றிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அது தந்தை செல்வா என்று மக்கள் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் வாழ்க்கை.

கீரிமலையும் அதன் பிரதிநிதியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீற்றர் தூரத்தில், குடாநாட்டின் வட கரையில் இருக்கிறது கீரிமலை. நகுலேஸ்வரர் கோயிலாலும் கடலோரக் கேணியாலும் பெயர் பெற்ற ஊர். சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே ஊறிவரும் நன்னீர் அந்தக் கேணியை நிரப்புகிறது. சுவருக்கு அப்பால் உப்புக் கடல் அலையடிக்கிறது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்யச் சைவ மக்கள் அங்கு திரளுவார்கள்.

கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை முதலிய ஊர்கள் காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதியைச் சேர்ந்தவை. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள். அவர்கள் தங்கள் பிரதிநிதியாகத் தெரிவு செய்த செல்வநாயகமோ கிறிஸ்தவர். 1947 முதல் 1975 வரை அவர் அங்கு எட்டு முறை போட்டியிட்டார். ஏழு முறை வென்றார், ஒரு முறை தோற்றார். அந்த ஒரு தோல்வியே அவருடைய நேர்மைக்கு மிகப் பெரிய சான்று என்று சொல்லலாம்.

இளமையும் தொழிலும்

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். பிழைப்புத் தேடி யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குச் சென்ற காலம் அது. குழந்தைப் பருவத்திலேயே தாயுடனும் உடன்பிறந்தோருடனும் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் படித்தபின் கொழும்பு புனித தோமையர் கல்லூரியில் சேர்ந்தார். பிற்காலத்தில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அங்கு மாணவராக இருந்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று, சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார்.

பின்னர் சட்டம் படித்து அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளில் கொழும்பில் பெயர் பெற்ற சட்டத்தரணிகளில் ஒருவராக விளங்கினார். சிவில் வழக்குகள் கூச்சலால் வெல்லப்படுவனவல்ல. உறுதியை வரிவரியாகப் படித்து, எதிர்த்தரப்பின் நியாயத்தையும் முழுதாக விளங்கிக்கொண்டே வாதிட வேண்டும். அந்தப் பழக்கம் அவரோடு அரசியலுக்கும் வந்தது. மேடைப் பேச்சாளருக்குரிய கம்பீரக் குரல் அவருக்கு வாய்க்கவில்லை. மெலிந்த குரலில், நிதானமாகப் பேசுவார். பிற்காலத்தில் நடுக்குவாத நோயால் அந்தக் குரல் மேலும் தளர்ந்தது. அப்படியிருந்தும் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க மக்கள் அமைதியாகக் காத்திருந்தார்கள்.

தலைவரோடு வந்த முரண்பாடு

1944இல் தொடங்கப்பட்ட அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர். பேச்சாற்றலால் மக்களைக் கவர்ந்தவர். செல்வநாயகம் அவருக்கு அடுத்த நிலையில் நின்று உழைத்தார். 1947 பொதுத் தேர்தலில் அந்தக் கட்சி ஏழு ஆசனங்களைப் பெற்றது. காங்கேசன்துறை அவற்றில் ஒன்று.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டமூலத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. ஆனால் சில வாரங்களில் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராகச் சேர்ந்தார். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசாவுரிமை இல்லாதோரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1947இல் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்த மக்களால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

பொன்னம்பலத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. எதிர்க்கட்சியில் இருந்து முழங்குவதைவிட அரசாங்கத்துக்குள் இருந்து மக்களுக்கு வேண்டியதைப் பெறலாம் என்று அவர் கருதினார். அவர் காலத்தில் கைத்தொழில்கள் வந்ததும் உண்மை. கீரிமலைக்கு அருகே, செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியிலேயே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது.

செல்வநாயகத்தின் நிலைப்பாடு வேறு. ஒரு மக்கள் கூட்டத்தின் வாக்குரிமையைப் பறிக்கும் அரசாங்கத்துக்குக் கைகொடுக்கலாகாது என்பது அவர் முடிவு. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் அவருடைய வாக்காளர்களல்லர். கீரிமலையிலோ தெல்லிப்பழையிலோ அந்தச் சட்டத்தால் வாக்கை இழந்தவர் எவரும் இல்லை என்றே சொல்லலாம். அவர் மௌனமாக இருந்திருந்தால் தொகுதியில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனினும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனற்றர் டாக்டர் இ.மு.வி. நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து வந்து, 1949 டிசெம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்.

தேர்தலில் கிடைத்த பதில்

1952 பொதுத் தேர்தலில் அவர் காங்கேசன்துறை மக்களிடம் திரும்பிச் சென்றார். எதிரே நின்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன். பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். சைவ மக்களிடையே பெருமதிப்புப் பெற்றவர். செல்வநாயகத்தின் கிறிஸ்தவ சமயமும் அவருக்கு எதிரான பிரசாரத்தில் இழுக்கப்பட்டது. வாக்குக்காக அவர் மதம் மாறவுமில்லை, மதத்தை மறைக்கவுமில்லை. மக்கள் நடேசனைத் தெரிவு செய்தார்கள்.

தோற்றவர் மக்களைக் குறை கூறி ஒதுங்கவில்லை. கட்சி வேலையைத் தொடர்ந்தார். ஊர் ஊராகச் சென்று தம் கருத்தை விளக்கினார். நான்கு ஆண்டுகளின் பின், 1956இல், அதே தொகுதி அவரை மீண்டும் தெரிவு செய்தது. அதன்பின் அவர் அங்கு தோற்கவேயில்லை. மக்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் என்ற நம்பிக்கை இல்லாதவரால் அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்க முடியாது.

உடன்படாததை முதலில் எழுதிய ஒப்பந்தம்

1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சியினர் காலி முகத்திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். கும்பல்கள் அவர்களைத் தாக்கின. அவர்கள் திருப்பித் தாக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் பிரதமர் பண்டாரநாயக்கா. ஓராண்டு கழித்து அதே பண்டாரநாயக்காவுடன் செல்வநாயகம் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தார்.

1957 ஜூலை 26ஆம் திகதி கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அதன் தொடக்கப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. சமஷ்டி அரசியலமைப்பைப் பற்றியோ உத்தியோக மொழிச் சட்டத்தை நீக்குவதைப் பற்றியோ தம்மால் பேச முடியாது என்று பிரதமர் தெளிவுபடுத்தியது அதில் பதிவாகியுள்ளது. தமிழரசுக் கட்சி தன் அடிப்படைக் கொள்கைகளைக் கைவிடாமலே ஓர் இணக்கத்துக்கு வர முடியுமா என்று ஆராயப்பட்டதும் பதிவாகியுள்ளது. எதில் உடன்பாடில்லை என்பதை ஒளிக்காமல் முன்னே வைத்துவிட்டு, எதில் உடன்படலாம் என்று இருவரும் தேடியிருக்கிறார்கள். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்பன அவ்வாறு கிடைத்த இணக்கங்கள். பதிலுக்குத் தமிழரசுக் கட்சி ஆகஸ்டு 20ஆம் திகதி தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டது.

இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. நாட்டைத் தமிழருக்குக் கொடுத்துவிட்டார் என்று தெற்கில் பண்டாரநாயக்காவைத் திட்டினார்கள். தமிழர் உரிமையை விற்றுவிட்டார் என்று வடக்கில் செல்வநாயகத்தைத் திட்டினார்கள். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்தனா கண்டியை நோக்கி எதிர்ப்பு யாத்திரை தொடங்கினார். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் பிரதமரின் வீட்டு வளவில் அமர்ந்து அழுத்தம் கொடுக்க, பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் நாட்டில் இரத்தம் சிந்தியது.

ஒரு முறை ஏமாந்தவர் இனிப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். செல்வநாயகம் அப்படிச் சொல்லவில்லை. 1965 மார்ச் 24ஆம் திகதி, தம்மைக் கடுமையாக எதிர்த்து வந்த ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் டட்லி சேனநாயக்காவுடன் இன்னோர் உடன்படிக்கை செய்தார். மாவட்ட சபைகள் அமைப்பது அதன் முக்கிய அம்சம். அதுவும் எதிர்ப்புக்கு முன் நிற்கவில்லை; 1968இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசாங்கத்திலிருந்து விலகியது.

தமிழ் பேசும் மக்கள்

செல்வநாயகம் தம் அரசியலில் தமிழ் பேசும் மக்கள் என்ற தொடரை விரும்பிப் பயன்படுத்தினார். வடக்கு கிழக்கில் வாழும் முஸ்லிம்களையும் உட்படுத்திச் சொல்லப்பட்ட தொடர் அது. 1956 தேர்தலில் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாக வென்றார்கள். பின்னர் அவர்கள் அரசாங்கப் பக்கம் சென்றனர். அதற்காகக் கட்சி முஸ்லிம்களுக்குக் கதவைச் சாத்திவிடவில்லை. 1960 ஜூலைத் தேர்தலில் கல்முனையில் எம்.சி. அஹமது அதே கட்சியின் சார்பில் வெற்றி பெற்றார்.

மொழி ஒன்றாக இருந்தாலும் முஸ்லிம்கள் தனித்துவமான சமூகம் என்றும், தங்கள் அரசியலைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றும் கருதிய முஸ்லிம் தலைவர்கள் அன்றும் இருந்தார்கள். அதுவும் நேர்மையான ஒரு கருத்து வேறுபாடே. செல்வநாயகத்தின் நல்லெண்ணத்தை மதிப்பதற்காக அந்தக் கருத்தை நாம் கைவிட வேண்டியதில்லை.

அவர் மீதான விமர்சனங்கள்

ஒருவரைப் போற்றுவதற்காக அவர் மீதுள்ள குறைகளை மறைப்பது அவர் காட்டிய வழிக்கே பொருந்தாது. 1968இல் கீரிமலைக்கு அடுத்துள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டுப் போராடினர். சி. சுந்தரலிங்கம் போன்றோர் அவர்களைத் தடுத்து நின்றனர். தொகுதியின் பிரதிநிதி அந்த மக்களின் முன்னால் வந்து நிற்கவில்லை என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள். கிறிஸ்தவராகிய தாம் சைவக் கோயில் விவகாரத்தில் தலையிடுவதா என்ற தயக்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தயக்கம் விளங்கிக்கொள்ளக்கூடியது. ஆனால் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவருக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்று மௌனமாகிவிட்டால் அந்த மௌனம் வலியவருக்கே துணை போகும். மலையக மக்களுக்காகத் தெளிவாகப் பேசிய அதே நாவு இங்கும் பேசியிருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை.

இன்னொரு குறையும் உண்டு. செல்வநாயகம் மென்மையாகப் பேசினார். அவருடைய கட்சி மேடைகள் எப்போதும் அப்படிப் பேசவில்லை. 1970களில் மாற்றுக் கட்சித் தமிழர்களைத் துரோகிகள் என்று தூற்றும் வழக்கம் வலுத்தது. அப்படித் தூற்றப்பட்டவர்களில் ஒருவரான யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தலைவர் தம் நாவை மட்டும் காத்துக்கொண்டால் போதாது; தம்மைச் சுற்றியிருப்போர் பேசுவதையும் திருத்த வேண்டும் என்பதை அந்தக் காலம் நமக்குக் காட்டுகிறது.

இறுதிக் காலம்

1972 மே மாதம் புதிய குடியரசு அரசியலமைப்பு நிறைவேறியது. தமிழர் கோரிக்கைகள் அதில் இடம்பெறவில்லை. ஒக்டோபர் 3ஆம் திகதி செல்வநாயகம் தம் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கிறார்கள் என்று அரசாங்கம் எண்ணினால், காங்கேசன்துறையில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்டு அதை நிரூபிக்கட்டும் என்பது அவர் விடுத்த சவால். மக்களே நடுவர் என்று தம் பதவியைப் பணயம் வைத்தார். இடைத்தேர்தலை நடத்த அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வநாயகம் 25,927 வாக்குகளும் பொன்னம்பலம் 9,457 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 16,470. அந்தத் தொகுதியில் தந்தை செல்வாவுக்கு எதிராக வாக்களித்தவர்கள் 9,457 பேர் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களும் அதே மண்ணின் மக்கள்.

அந்த ஆண்டுகளில் ஒரு பழைய பகையும் தீர்ந்தது. 1972 மே 14ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகியன ஒரே கூட்டணியில் இணைந்தன. 1976இல் அது தமிழர் விடுதலைக் கூட்டணியானபோது செல்வநாயகம், ஜீ.ஜீ. பொன்னம்பலம், சௌ. தொண்டமான் ஆகிய மூவரும் கூட்டுத் தலைவர்கள். எந்த மக்களின் வாக்குரிமைக்காக முதல் இருவரும் பிரிந்தார்களோ, அந்த மலையக மக்களின் தலைவரே மூன்றாமவர். அவ்வாண்டு அமிர்தலிங்கம் முதலானோர் மீது தொடரப்பட்ட வழக்கில் செல்வநாயகமும் பொன்னம்பலமும் ஒரே தரப்புக்காக நீதிமன்றத்தில் தோன்றினர். கால் நூற்றாண்டு முரண்பட்டவர்கள் அருகருகே அமர முடிந்ததற்குக் காரணம் இருந்தது. ஒருவரையொருவர் எவ்வளவு எதிர்த்தபோதும், திரும்பி வர ஒரு வழி மிஞ்சியிருந்தது.

1977 பெப்ரவரியில் பொன்னம்பலம் காலமானார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி தந்தை செல்வாவும் காலமானார்.

நமக்குரிய பாடம்

அவருக்குப் பின் வந்த காலத்தில் மாற்றுக் கருத்துக்குப் பதில் துப்பாக்கியால் சொல்லப்பட்டது. 1990இல் போர் கீரிமலை மக்களை ஊரைவிட்டு விரட்டியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் ஆயுதமுனையில் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அயலவரிடம் என்ன குறை கண்டோம் என்று கேட்கவோ, பதில் சொல்லவோ ஒரு கூட்டம்கூட வைக்கப்படவில்லை. பேசித் தீர்க்கும் பழக்கம் ஒரு சமூகத்தில் அழிந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பெற்றோர் அனுபவித்தே அறிவார்கள்.

மார்க்கமும் நமக்கு இதையே கற்பிக்கிறது. பிர்அவ்னைவிடக் கொடிய ஆட்சியாளன் இல்லை. அவனிடம் செல்லும்போதும் மென்மையாகப் பேசுமாறே மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரையும் அல்லாஹ் பணித்தான். மென்மையாகப் பேசச் சொன்னானே தவிர, உண்மையைக் குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. இமாம் ஷாபிஈ இமாம் மாலிக்கிடம் கற்றவர்; இமாம் அஹ்மத் இமாம் ஷாபிஈயிடம் கற்றவர். பல சட்டங்களில் மாணவர் ஆசிரியரோடு வேறுபட்டார். அதனால் மரியாதை குறையவில்லை, மத்ஹபுகள் வளர்ந்தன.

தந்தை செல்வாவின் வாழ்க்கையிலிருந்து மாணவிகளாகிய நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. மறுப்பதை ஒளிந்திருந்து சொல்லாமல், நம் பெயரில், உரியவரிடமே சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் நியாயத்தை அவரே ஏற்கும் விதமாக எடுத்துச் சொல்ல முடிந்த பின்பே அதை மறுக்க வேண்டும். உடன்பாடில்லாததை மூடிமறைக்காமல் முதலில் சொல்லிவிட வேண்டும். நமக்கு நட்டம் வந்தாலும் பிறர் உரிமைக்காகப் பேச வேண்டும். நம் பக்கத்தவர் ஒருவர் மற்றவரைத் துரோகி என்று ஏசினால், முதலில் நாமே அவரைத் தடுக்க வேண்டும்.

இவற்றைப் பழகப் பாராளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. வகுப்பறையும், மாணவர் மன்றத்து விவாத மேடையும், வீட்டுச் சாப்பாட்டுப் பாயும் போதும். அடுத்த தேர்தல் வரும்போது வாப்பாவும் மாமாவும் வெவ்வேறு பெட்டிக்கு வாக்களிக்கட்டும். பெருநாளன்று ஒரே சகனில் அமர்ந்து சாப்பிடட்டும்.